கடைமடைக் கணக்கு

மேட்டூர் திறந்தாச்சு என்று டீக்கடை டிவி சொன்ன மறுநாள்
பள்ளிக்கூடத்துச் சுவரோரம்
நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தோம்.
ஜன்னலுக்குள் ஐந்தாம் வகுப்பு.
"தலைஞாயிறுக்குத் தண்ணீர் எத்தனையாவது நாள் வரும்?"
பலகையில் அவ்வளவுதான்.
டீச்சர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு
ரிஜிஸ்தர் எழுத உட்கார்ந்துவிட்டார்.

முதலில் முடித்தது என் மகன் கபிலேஷ்.
தூரத்தை வேகத்தால் வகுத்து
நாலு நாள் என்று அடிக்கோடு போட்டு
ஸ்கேலை டப்பாவில் வைத்தான்.
மண்வெட்டியை ஊன்றி நானும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்.

வெண்மதி சிரித்தாள். லஸ்கர் மகள்,
ஷட்டர் சாவி அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.
"கல்லணையில நிறுத்துவாங்கடா. முறை வெச்சுத்தான் விடுவாங்க."
"எத்தனை நாள்?"
"அப்பாவத்தான் கேக்கணும்."
"கேக்காம சொல்லு."
"ஆறுன்னு வெச்சுக்குவோம்."

வெச்சுக்குவோம் என்றதும்
நாலு தலையும் ஒரே நோட்டின் மேல் குனிந்தன.
பர்ஹானா நாலை அழித்துப் பத்து என்று எழுதினாள்.

பொன்னரசு அதுவரை வாய் திறக்கவில்லை.
சத்துணவில் இல்லாத நாளிலும்
கணக்கில் முட்டை வாங்குகிறவன்.
"காஞ்ச மணல் குடிக்குமே?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு பர்ஹானா, "எவ்வளவு குடிக்கும்?"
அவனுக்குத் தெரியவில்லை.
யாருக்குமே தெரியவில்லை.
பாட்டிலோடு வெளியே ஓடி வந்து
நாங்கள் அள்ளிப்போட்ட மண்ணில் ஊற்றி
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார்கள்.
மண் குடித்துக்கொண்டே இருந்தது.
கபிலேஷ் வேகமாக எண்ணுகிறானென்று அதற்கொரு சண்டை.

பதினெட்டு நாள் என்று தீர்ப்பு.
தண்ணீர் வந்தது இருபத்து மூன்றாம் நாள்,
நுரையும் பிளாஸ்டிக் கப்புமாக.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில் கபிலேஷ் தனியாக
ஏதோ பஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்,
வேதாரண்யத்தில் கிளம்பி எங்கேயோ போகிற பஸ்.
விடை வந்துவிட்டது. ஸ்கேலை எடுத்தான்.
கோடு போடவில்லை.
உதடு மட்டும் அசைந்தது.

"நடுவுல நிறுத்துவாங்கடா."
வெண்மதியின் அதே நக்கல்.
சற்றுப் பொறுத்து, தயங்கித் தயங்கி,
"ரோடு நல்லாருக்குமா?"
"எவ்வளவு மோசம்?"
"வெச்சுக்குவோம்."

சாப்பிடக் கூப்பிடத்தான் போனேன்.
வீட்டில் இருந்தது நானும் அவனும்தான்.
நாலு பேரும் பேசி முடிக்கட்டும் என்று
சோற்றை மூடி வைத்தேன்.