ஆடு நனைகிறதே

மழை வரும் என்று வானொலி சொன்னதிலிருந்து
எல்லோருக்கும் ஒரே கவலை:
ஆடு நனையக் கூடாது.
நனைந்த ரோமம் கத்தரிக்கும் உதவாது,
ராட்டைக்கும் உதவாது.
வேல்ஸ் மலையடிவாரத்தில் கம்பளித் திருவிழா.
சீட்டு வாங்கி வேடிக்கை பார்க்க வந்தவன் கையில்
குடையைத் திணித்து
"இவள் தலைக்கு மேலே பிடியுங்கள்" என்றாள் ஹைல்வென்.
இவள் என்பது ஆடு.
பெயர் கிடையாது. காதில் வில்லை, 417.

பிடித்தேன். என் முதுகில் ஓடியது மழை.
ஓநாய் அழுத கதை நினைவுக்கு வந்தது,
யாரிடம் சொல்ல?

மணி அடித்தார்கள்.
மூன்றே நிமிடம். டெக்வின் கத்தரித்ததும்
கோட்டைக் கழற்றிக் கொடுப்பதுபோல்
முழுசாக வந்தது ரோமம்.
சிக்கெடுக்க இருவர், ராட்டையில் ஐவர்,
கூடாரமெங்கும் ஆட்டுப் பிசுக்கும் லீக் சூப்பும் மணக்க
பின்னிக்கொண்டிருந்தார் தபால்காரர் மெய்ரியன்,
உதடு மட்டும் அசைய.
எண்ணுகிறார்,
பேச்சுக் கொடுக்காதீர்கள் என்றார்கள்.
நான்தான் கொடுத்தேன்.

நாலு மணிக்குச் சால்வை நடுவரின் தோளில்.
ஒரு கண்ணி நழுவியிருந்தது.
சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.
இரண்டாம் பரிசு.
படம் எடுக்க எல்லோரும் வெளியே ஓடினோம், தூறலில்.
யாரும் சொல்லாமலே குடையை விரித்தேன்,
சால்வைக்கு மேலே.

பட்டியில் 417
வெளிறி, பாதியாகி,
உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.
பரிசு நாடாவை அதன் கழுத்தில் கட்டக் குனிந்தாள் ஹைல்வென்.
மோந்து பார்த்தது.
பிறகு ஒரு நுனியைக் கவ்வி
என்னையே பார்த்தபடி
நிதானமாக
மென்றது.