பின்பக்கம்

தாளைத் திருப்ப வேண்டும்.
யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது,
கீழோரத்தில் அம்புக்குறி அச்சடித்திருந்தார்கள்.

முன்பக்கம் பெரிய பெயர்கள்:
ஆளுநர், செனட்டர்,
இரண்டு மாதமாகத் தொலைக்காட்சியில்
ஒருவரையொருவர் திருடன் என்றவர்கள்.
பின்பக்கத்தில் கருவூலர், தணிக்கையாளர்,
பள்ளி வாரியம், நீர் வாரியம்,
எல்லாவற்றுக்கும் அடியில் களைக் கட்டுப்பாட்டு வாரியம்.
நெப்ராஸ்காவில்
முட்செடிக்கும் தேர்தல் உண்டு.

மாநிலத் தணிக்கையாளராக மறுபடி நின்றவர்
லொவெட்டா ஷ்ராம்.
பிளாட் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவார்,
போட்டதற்கு ஆற்றிடம் ரசீது கேட்பார்.
ஒருமுறை எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தார்.
சாண்ட்விச்சை மடியில் வைத்துக்கொண்டு
மூன்று வருடத்துப் பேரேட்டைப் புரட்டினார்.
குழாய் வாங்கியதாக எழுதிய
இருநூற்றுப் பன்னிரண்டு டாலரில்
குழாய் இல்லை.
மீன்பிடிப் படகின் மோட்டாரைப் பழுது பார்த்த பில் இருந்தது.
தலைவர் வெண்டெல் ஹ்ரூஸ்கா திருப்பிக் கட்டினார்.
ஊரில் பாதிப் பேர் அன்றோடு
லொவெட்டாவின் பெயரைச் சொல்வதை விட்டார்கள்,
'அந்தப் பொம்பளை' போதுமானதாக இருந்தது.

எதிர்த்து நின்றவர் ட்ரென்ட் ஆல்பர்ஸ்.
கணக்கு வருமா என்று யாரும் கேட்கவில்லை.
அப்பா டிராக்டர் விற்றவர்.
தொப்பியில், நாட்காட்டியில், வங்கி மேசையின் பேனாவில்
நாற்பது வருடமாக அந்தப் பெயர்.
பேனாவில் இருக்கும் பெயரிடம்
பேனா தானாகப் போய் நிற்கும்.

வித்தியாசம் மாநிலம் முழுக்க முன்னூற்றுப் பதினெட்டு.
மறுபடி எண்ணு என்றார்கள், கையால்.

நீதிமன்றத்தின் அடித்தளம்.
வெளியே அறுத்த சோளத் தாளின்மேல் முதல் பனி,
உள்ளே மேசை நிறைய வேறு தாள்.
ஷ்ராமுக்கு ஓர் அடுக்கு,
ஆல்பர்ஸுக்கு ஓர் அடுக்கு,
இருவருக்கும் இல்லாதது மூன்றாவது.
மூன்றாவதுதான் ஈஸ்ட் போட்ட மாவு மாதிரி எழும்பியது.
நார்பர்ட் விஷ்னெவ்ஸ்கி
எச்சில் தொட்டுத் தொட்டுத் திருப்பினார்.
அவர் தொட்ட சீட்டை நான் ஓரமாகப் பிடித்தேன்.

நாலு மணிக்கு என் கைக்கு வந்தது
என்னுடையதே.
எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியக்கூடாது,
சட்டம்.
ஆனால் களை வாரியத்துக்கு நேரே
என் கையெழுத்தில் என் நாயின் பெயர்:
பிக்கிள்ஸ்.

ஆக, தாளைத் திருப்பியிருக்கிறேன்.
கீழே போய் நாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு
மேலே அந்தக் கட்டத்தை மட்டும்
கழுவிக் கவிழ்த்த தட்டு போல விட்டிருக்கிறேன்.

வெண்டெல் என் கணவரின் தம்பி.
அந்தப் படகில் நானும் ஏறியிருக்கிறேன்.
மீன் நன்றாகத்தான் இருந்தது.
அவரை எதிர்த்துக் கட்டம் நிரப்ப மனம் வரவில்லை,
ஆதரித்து நிரப்ப
முகம் வரவில்லை.

"என்ன அது?" என்றார் நார்பர்ட்.
"வெற்று" என்றேன்.
மூன்றாம் அடுக்கில் வைத்தேன்.

முன்னூற்றுப் பதினெட்டு முன்னூற்றுப் பதினொன்றானது.
அவ்வளவுதான்.
எங்கள் மாவட்டத்தின் மூன்றாம் அடுக்கில் மட்டும்
நானூற்று இரண்டு.

டிசம்பரில், அவர் நாற்காலியை விட்டு எழும் வாரத்தில்,
மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது.
மறு எண்ணிக்கை நாளின் காபிச் செலவு
பதினான்கு டாலர் அறுபது சென்ட்,
ரசீது இணைக்கப்படவில்லை.

காபி வாங்கியவள் நான்.
கோட்டுப் பைகள், கைப்பை,
காரில் இருக்கைக்கு அடியில் ஒட்டிக் கிடந்தது.
காபி, பன்னிரண்டு பத்து.
அதன் கீழே மங்கிய மையில்
நாய் பிஸ்கட், இரண்டு ஐம்பது.

பிக்கிள்ஸ் வாலை ஆட்டியது.

இரண்டு டாலர் தாளையும் இரண்டு கால் டாலர் காசையும்
ரசீதோடு உறையில் போட்டேன்.
மேலே விலாசம் எழுத வேண்டும்.
வங்கியில் எடுத்த பேனா,
ஆல்பர்ஸ் என்றிருந்தது.
அதைக் கொண்டே எழுதினேன்,
லொவெட்டா ஷ்ராம்,
முழுப் பெயரும்,
எழுத்துப் பிழை இல்லாமல்.