மூன்று மில்லிமீற்றர்

இரண்டு மாதத்தில் நாலாவது பெல்ட்.
முதலாவது பம்பலப்பிட்டிச் சந்தியில் அறுந்தது.
இரண்டாவது கொட்டாஞ்சேனை ஏற்றத்தில்.
மூன்றாவது மரைன் டிரைவில்,
பாணந்துறை ரயில் சன்னலெல்லாம்
என்னைப் பார்த்துக்கொண்டே போக.
நாலாவது இன்னும் அறவில்லை. ஓரம் மட்டும்
எலி கொறித்த பாய்போல நூல்நூலாய்.

பெல்ட்டைக் குற்றம் சொன்னார்கள். வெயிலைச் சொன்னார்கள்.
"அறுபத்தொன்றாம் ஆண்டு ஹில்மன் ஓடுற உங்களைத்தான்
முதல்ல சொல்லவேணும்" என்றார்
பக்கத்து வீட்டு அருமைநாயகம், கேற்றில் சாய்ந்தபடி.

சனிக்கிழமை விடிய ரேடியேற்றரை இறக்கி
மதிலோடு சாய்த்துவிட்டு,
கந்தோரிலிருந்து திருப்பிக் கொடுக்காத ஓரடி இரும்புக் கோலை
தண்ணீர்ப் பம்பின் புல்லி முகத்தில் படிய வைத்தேன்.
மேலே ஒட்டியது.
கீழே கிராங்கைத் தொடவில்லை.
இடையில் ஒரு வெளிச்சக் கீற்று,
பழைய ஐந்து ரூபாய்க் குற்றியை நுழைத்தால்
சற்றே தளர்ந்து நிற்கிற அளவு.

போன மாதம் டைனமோவுக்கு வாஷர் போட்டு
பம்புக்கு நேராக முன்னே கொண்டுவந்தவள் நான்தான்.
இரண்டு ஒத்துப்போனதைப் பார்த்து
நேராகிவிட்டது என்று தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
கிராங்கை யார் கேட்டது?
அதுவோ அசையாது. மற்றதுகள்தான் அதனிடம் வரவேணும்.

பம்பை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு
பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறினேன்.

இதே பாதையில், அந்த வருசங்களில்,
புல்லி என்ற சொல்லை பஸ்ஸுக்குள் நான் சொன்னதில்லை.
ஒரு ல் தவறினால் வேறொரு சொல்.
போனில் "அந்த வட்டச் சாமான்" என்பேன்.
மருதானைச் சோதனைச் சாவடியில் ஒருநாள்
பையைத் திறந்து கனமாய் இருந்ததைத் தூக்கி
என்ன இது என்றான், மீசை முளைக்காத பெடியன்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.
அவனும், சிரிக்காமல்,
அதே வட்டத்தைத் துவக்குப் பிடிக்காத கையால் போட்டுப் பார்த்து
போ என்றான்.

லேத் கடை சுமித்தபால பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ரீகண்டிஷன் செய்தவன் எவனோ
ஹப்பை முழுக்க இறக்காமல் விட்டிருக்கிறான்.
தண்டின் பின்பக்கத்துக்குத் தாங்கல் வைத்தார்.
வைக்காமல் அமுக்கினால்
உள்ளே இருக்கிற இறக்கை உடம்பில் உரசும்.
பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு மயிரளவு. அளந்தார்.
இன்னொரு மயிரளவு. அளந்தார்.
நெற்றி வியர்வை பம்பில் விழ, அதையும் துடைத்தார்.

பிறகு கடை முழுக்கக் கேட்கிற குரலில்
"நோனாட புலிய இப்ப சரி" என்றார்.

அவருடைய மொழியில் அது அந்தச் சாமானின் பெயர், அவ்வளவுதான்.
போல்ட் பொறுக்கிக்கொண்டிருந்த இருவர்
திரும்பவே இல்லை.
நான் வாசலைப் பார்த்தேன்.

பின்னேரம் டைனமோ வாஷர்களை எடுத்து
பழைய இடத்தில் விட்டேன்.
கோலை வைத்தேன். மேலும் ஒட்டியது, கீழும் ஒட்டியது.
மூன்றும் ஒரே முகம்.
பெருவிரலால் பெல்ட்டை அமுக்கினேன், அரை அங்குலம் கொடுத்தது.

ஸ்டார்ட் செய்தேன்.
கீச்சிடல் இல்லை.
அருமைநாயகம்கூட எட்டிப் பார்க்கவில்லை.
அந்த அமைதிக்குள்
இவ்வளவு நாளும் கேட்காத ஒன்று,
டிக் டிக் டிக் என்று,
மூன்றாவது சிலிண்டர் பக்கமாக.
டாப்பெட்டாக இருக்கவேணும்.