மூன்று படிகள்

வேலைக்குச் சேர்ந்த அன்றே
பெயரை வெட்டினார்கள்.
தவயோகநாயகி, அட்டையில் கொள்ளாதாம்.
யோகி என்று அடித்துத் தந்தார்கள்,
பொன்னிற ஓரத்தோடு, இருநூறு அட்டை.
தாடிவைத்த ஒருவரை எதிர்பார்த்து
வாடிக்கையாளர்கள் வரவேற்பறையில் காத்திருப்பார்கள்.
நான் சிரிப்பேன்.
சம்பளத்தில் பாதி அந்தச் சிரிப்புக்கு.

பதினொரு வருடம்.
பால்மாவில் கல் கிடந்தபோது
‘அரிதான நிகழ்வு’ என்று எழுதினேன்.
ஒரு கம்பனி முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது
‘மறுசீரமைப்பு’.
மும்மொழியிலும் மன்னிப்புக் கேட்கத் தெரியும் எனக்கு,
யாருமே பிழை செய்யாதது மாதிரி.

தமிழ்ப் பிரதி எப்போதும் கடைசி.
இரவு ஒன்பதுக்கு வரும், விடிய அச்சுக்குப் போகும்.
எழுத்துரு உடைந்து
புள்ளியெல்லாம் கொட்டுண்டு கிடக்கும்.
வெள்ளவத்தை பஸ்ஸில் தொங்கியபடி
கைபேசியில் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி வைப்பேன்.
‘எல்லோருக்கும் இடம் உண்டு.’
இடத்தை உண்டது யார் என்று
கொள்ளுப்பிட்டிச் சந்தியில் ஒருநாள் யோசித்தேன்.
பஸ் குலுங்க மறந்துபோனது.

இந்த வருடம் எங்களுக்கு நாங்களே விளம்பரம்.
எல்லா இனமும் வேண்டும், எல்லா உடலும் வேண்டும்,
தமிழில் அதற்கு என்ன சொல் என்று ருவன்தி மெடம் கேட்டா.
பன்முகத்தன்மை என்றேன்.
மறுநாளே மொட்டைமாடியில்
முகங்களை வரிசைப்படுத்தினார்கள்.

கீழே பேரை வாவி வெயிலில் நாறிக்கொண்டிருந்தது.
படம்பிடிக்கிற சுரங்க
ஷிஃப்காவின் முக்காட்டுக்கு வெளிச்சம் அளந்தான்.
என் பக்கம் திரும்பி, பொட்டு எங்கே என்றான், சிங்களத்தில், மரியாதையாய்.
பள்ளிக்கூடக் காலத்தில்
சோதனைச் சாவடி வருமுன்னே பஸ்ஸுக்குள் அழித்தது.
நெற்றி அப்படியே பழகிவிட்டது.
அவன் பையில் ஒட்டுப்பொட்டு இருந்தது.
மூன்று அளவில்.

பிறகு சக்கர நாற்காலி வந்தது.
நாரஹேன்பிட்டியில் நாள்வாடகைக்கு எடுத்தது.
பயிற்சிக்கு வந்த தினெத்தை
அதில் இருக்கச் சொன்னார்கள்.
கிரிக்கெட்டில் முழங்கால் உரசிய பெடியன்,
கூச்சத்தோடு இருந்து,
காலை எங்கே வைப்பது என்று கேட்டான்.

எமல்டா தை மாதம் வந்தவள்.
கொட்டாஞ்சேனை. மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு.
எங்கள் வாசலில் மூன்று படி.
தூக்கிவிடவா என்று காவலாளி கேட்க,
நான் சாமான் இல்லை என்றிருக்கிறாள்.
இறங்கிப் போனேன். யூனியன் பிளேஸ் புகைக்குள்
பத்து நிமிட நேர்முகம்.
“உங்கட கட்டடம் பதில் சொல்லிட்டுது,
நீங்கள் ஏன் வெயிலில நிக்கிறீங்கள்?”

‘தகுதிவாய்ந்த விண்ணப்பங்கள் பல கிடைத்தமையால்’
என்று தொடங்கும் கடிதத்தை எழுதியவள் நான்.
நல்ல கடிதம்.
அதை இப்போது மாதிரியாக வைத்திருக்கிறார்கள்.

சுரங்க மூன்று, இரண்டு என்று எண்ணினான்.
“தினெத், எழும்பு.”
எழும்பினான்.
எவ்வளவு லேசாய் எழும்பினான்.

ஒட்டுப்பொட்டை உரித்து
நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டினேன்,
வேறெங்கே வைப்பதென்று தெரியாமல்.
மாடிச் சுவரோரம் இருந்து
முதல்முறையாகத் தமிழில் முதலில் எழுதினேன்:
‘எங்கள் வாசலில் மூன்று படிகள் உள்ளன.
இந்தப் படத்தில் இருக்கவேண்டிய ஒருவர்
அவற்றின் கீழே நின்று திரும்பிப் போனார்.’
மெடத்துக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை.

எமல்டாவின் இலக்கம் விண்ணப்பத்தில் இருந்தது.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ஊருக்கெல்லாம் வாக்கியம் செய்து கொடுத்தவளுக்கு
ஒரு வரி வரவில்லை.
மணி போனது.
யாரென்று கேட்டாள்.

தவயோகநாயகி என்றேன்,
முழுப் பெயரும். அவளுக்கு அது விளங்கவில்லை.
யோகி, அந்த ஒபிஸ் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓட்டோ ஒன்று கடந்துபோனது
அவள் பக்கமோ என் பக்கமோ.

“படி இருக்கோ இன்னும்?” என்றாள்.