பதினேழு

ஒரே கொட்டிலில் வளர்ந்தவை,
ஒரே மரத்தூள், ஒரே உருண்டைத் தீவனம்.
எடைகூட ஐந்து கிராம் முன்னே பின்னே.
இருபத்துநான்கு வெள்ளை விஸ்டார்கள்.
குலசேகரத்து மழை தகரத்தில் கொட்டும் ஜூனில்
வாலடியில் ஊதா மையால் எண்ணிட்டேன்.

கேள்வி எளிது:
அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால்
இதயம் எவ்வளவு இறங்கிவரும்?
தொடை நாளத்தில் ஒரு துளி பினைலெஃப்ரின்.
கழுத்துத் தமனியின் சுவர் விரிகிறது,
சேதி மூளைத்தண்டுக்குப் போய்த் திரும்புகிறது:
மெள்ளப் போ.
மூச்சு ஒன்று இழுத்து விடுவதற்குள்
முடிந்துவிடுகிற பேச்சு.

மூன்றாவது எலி உடனே கேட்டது,
நானூற்றிலிருந்து முந்நூற்றுக்கு,
மார்த்தாண்டம் பாலத்து இறக்கத்தில்
பிரேக் பிடித்த பஸ் மாதிரி.
ஒன்பது ரொம்ப யோசித்தது.
பன்னிரண்டு தேவைக்கு மேல் பணிந்து
என்னைப் பயமுறுத்தியது.
பதினேழு,
ஏறியது யாருடைய அழுத்தமோ என்பதுபோல்
நானூற்றிப் பத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது,
மீசையைத் துடைத்தபடி.

குழாய் கசிகிறதா என்று பார்த்தேன். இல்லை.
மறுநாளும் செய்தேன்.
நானூற்றி எட்டு.

"அது ஒண்ணு மட்டும் துருத்திட்டு நிக்கு பாரு பெர்சிலின்,"
என்றார் புஷ்பலீலா மேடம்.
"எடுத்துட்டா கோடு அழகா விழும்."
எடுத்துப் பார்த்தேன்.
அழகாகத்தான் விழுந்தது.
அந்தக் கோட்டின்மேல் ஓர் எலிகூட இல்லை.

கூடு கழுவும் தவசிமுத்து
விடியுமுன் ரப்பர் வெட்டிவிட்டு
விரலிடுக்கில் ஒட்டுப்பாலோடு வருகிறவர்.
கையில் எடுத்தாலே தெரியும் என்றார்,
எது சாடும், எது சாடாது.
அடுத்த வாரம் அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்து.
ஊசிக்கு முன்பே அவரைக் கேட்டு
ஒவ்வொன்றாக எழுதிவைத்தேன்.
இருபத்துநான்கில் பதின்மூன்று சரி.
(பதினேழு சாடும் என்றிருந்தார். சாடவில்லை.)
நாணயம் சுண்டியிருந்தாலே
பன்னிரண்டு கிடைத்திருக்கும் என்றேன்.
"ஒண்ணு கூடுதல் உண்டும்லா?"

வெள்ளிக்கிழமை,
கீழ்த்தட்டில் கூட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்
ரேக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.
கண் திறந்திருந்தது. பார்வை இல்லை.
மணிக்கட்டைப் பிடித்தேன்.
எழுபத்திரண்டு.
இரத்தம் காலுக்கு இறங்கிப்போனதை
மேலே ஒருவரும் கவனிக்கவில்லை.
எழுபத்திரண்டு.
எழுபத்துநான்கு.
பிறகு, தூங்குகிறவர் எழுந்துவந்து
தாழ்ப்பாளைத் தேடுவதுபோல்
எண்பது, தொண்ணூறு.

"கறண்டு போயிட்டு வந்தது மாதிரி,"
என்று சிரித்தார்.
"தெனமும் உள்ளதுதான். காலத்த
ரப்பர் மூட்டுல குனிஞ்சு நிமுந்தா
ஒரு இருட்டு."
ஆசுபத்திரியில் காட்டினீர்களா?
"காணிச்சேன். கெடத்திப்போட்டு எடுத்தாவ.
நார்மலுன்னு சொல்லிட்டாவ."

கிடத்தி எடுத்தேன்: நூற்றி இருபது.
எழுப்பி நிறுத்தி எடுத்தேன்: எண்பத்தெட்டு.
கருவி பொய்யோ என்று
என் கையிலும் ஒருமுறை கட்டிப்பார்த்தேன்.
புறநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில்
பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்:
நிற்கவைத்து அளக்கவும்.
ஒட்டுப்பால் பிசுக்கில்
சீட்டு அவர் விரலைவிட்டு வரவில்லை.

ஜூலையில் எல்லாம் முடிந்தது,
முடியவேண்டிய விதத்தில். மயக்க மருந்து கூடுதலாக.
பதினேழின் தமனிச் சுவரை மெல்லச் சீவி
நுண்ணோக்கியில் வைத்தேன்.
மூன்றாவதின் சுவரும் அப்படித்தான் இருந்தது.
வித்தியாசம் வேறெங்கோ,
நான் வெட்டாத ஓரிடத்தில்.

பதினேழை அட்டவணையில் வைத்திருக்கிறேன்.
கோடு கொஞ்சம் சரிந்தது.
மேடம் பெருமூச்சு விட்டார், கையெழுத்தும் போட்டார்.

காலிக் கூட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது
தவசிமுத்து கேட்டார்:
"டீச்சரே, அதுக்கும்
இப்பிடி இருட்டியிருக்குமா?"

நேரம், அழுத்தம், துடிப்பு, எடை.
இருக்கிற கட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
வெளியே ரப்பர் மரங்களின் சிரட்டைகளில்
பாலோடு மழையும் நிறைந்துகொண்டிருந்தது.