ஆறாம் அளவு பூட்ஸ்

இன்னும் விடியவில்லை.
டாப்பனிஷ் நூலகத்தின் பின்வாசலில்
வெர்லினும் நானும் பூட்ஸ் எண்ணுகிறோம்.
இருபத்திரண்டு ஜோடி.
எல்லாம் எங்கோ யாரோ கழித்துக் கொடுத்தவை.
நாக்கின் உட்புறம் இன்னொரு பிள்ளையின் பெயர்,
தேய்த்தும் போகாத மையில்.
ஆறாம் அளவு ஒன்றே ஒன்று.
ஆறாம் அளவுக் கால்கள் மட்டும்
எப்போதும் இரண்டு பேராக வருகின்றன.

பயிற்சியாளர்கள் நாங்கள், பத்தொன்பது வயது.
முதலுதவி தெரியும், முடிச்சு தெரியும்,
கரடி வந்தால் எப்படி நிற்பது என்பதும்
காகிதத்தில் தெரியும்.
கிட்டங்கியில் ஆப்பிள் தரம் பிரித்தால்
இதைவிட அதிகம் கிடைக்கும்.
"மரம் பார்க்கச் சம்பளமா, யாரெலி?"
சிரித்து முடிக்கவே அம்மாவுக்கு ஒரு வாரம் ஆனது.
ஏணியில் ஏறி, வயிற்றில் பை கட்டி,
பத்து மணி நேரம் மரம் பார்ப்பவள் அவள்.
காட்டு வாசலில் வண்டி நிறுத்தும் ஆண்டுச் சீட்டு
அவள் கணக்கில் ஒன்றரைத் தொட்டி ஆப்பிள்.

பள்ளி ஜன்னலில் அந்த மலை தெரியும்.
வரைபடம் அதை ஆடம்ஸ் என்கிறது,
வெர்லின் வீட்டில் பாட்டோ.
வேனில் இருக்கும் பத்தொன்பது பிள்ளைகளில்
பனியைத் தொட்டவர்கள் மூன்று பேர்;
அதில் ஒருவன் பொய் சொல்கிறான்.

டையட்டன் ஆற்றைக் கடந்ததும் லார்ச் மரங்கள்,
அக்டோபரில் ஊசியிலையெல்லாம் மஞ்சளாகி
தொட்டால் உதிரும்.
இது நோயல்ல, வசந்தத்தில் துளிர்க்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ஃபிதெல்,
முழங்கைக்குள் மூக்கைப் புதைத்தபடி:
"என்ன மருந்து அடிச்சிருக்காங்க?
எத்தனை நாள் உள்ள போகக்கூடாது?"

ஒருவரும் சிரிக்கவில்லை.
எல்லோருக்கும் தெரிந்த கேள்வி அது.
எனக்கும்தான். எட்டு வயதில்
அப்பாவின் சட்டையைத் தனியாகத் துவைத்தவள் நான்.
"மருந்தே இல்லை" என்றேன்.
நம்பாமல் பார்த்தான்.

பாதை தொடங்கும் இடத்தில் டூல்சே நின்றுவிட்டாள்.
ஆறாம் அளவை முதலில் பிடித்தவள்.
"இது யாரோட இடம்? திட்ட மாட்டாங்களா?"

இதற்கு எங்களிடம் ஒரு வாக்கியம் உண்டு.
மூன்று வாரப் பயிற்சியில்
கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகியது.
"இது நம் எல்லோருக்கும் சொந்த..."
பக்கத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த வெர்லின்
நிமிராமலே இருமினான்.
"எங்க ஆளுங்களைக் கேட்டியா, யாரெலி?"
கேலிதான். முழுக்கக் கேலியும் இல்லை.
என் வாக்கியம் அங்கேயே
பாதியில் நின்றுகொண்டிருந்தது,
வண்டி போய்விட்ட நிறுத்தத்தில் ஒருத்தி நிற்பதுபோல.

அவன் எழுந்தான், முழங்காலைத் தட்டினான்.
"எங்களோடது" என்றான் டூல்சேயிடம்.
"ஒப்பந்தத்தில் வாங்கிட்டாங்க, அது பெரிய கதை.
நான் இருக்கேன். யாரும் திட்ட மாட்டாங்க.
வா உள்ள."

அவள் வந்தாள்.
ஆற்றுக்குள்ளேயே போனாள், பூட்ஸோடு.
இடர் மதிப்பீட்டுப் படிவத்தில்
அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.
நான் நிரப்பவில்லை.
தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியபோது அவள் போட்ட சத்தத்தில்
மறுகரையில் எதுவோ பறந்தது.
என்ன பறவை என்று கேட்டார்கள்.
தெரியாது என்றோம் இருவரும்.

மாலையில் எண்ணினோம். இருபத்தொன்று.
ஆறாம் அளவு தெருமுனை வரை
சளக் சளக்கென்று நடந்து போனதை
வெர்லினும் பார்த்தான், நானும் பார்த்தேன்.
பதிவேட்டில் 'திரும்பியது' என்ற பத்தியில்
'ஈரம், காயவில்லை' என்று எழுதி மூடினேன்.

அம்மா காரோடு காத்திருந்தாள்,
தலைமுடியில் ஒரு ஆப்பிள் இலை.
இலை உதிர்க்கும் ஊசிமரம் பற்றிச் சொன்னேன்.
கண்ணை மூடிக் கேட்டாள்.
"எவ்வளவு உயரம்? ஏணி எட்டுமா?"
"ஏணியே வேண்டாம்மா. பறிக்க அதில் ஒன்றுமில்லை."

சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.
"ஒண்ணுமே இல்லையா" என்றாள்.
"அப்போ சும்மா நிக்கலாம்."