தடைக்காலத்தில் ஒரு பாக்கெட்

பாம்பனில் படகுகள் கட்டிக் கிடக்கும்
அறுபத்தோரு நாளும் இதுதான்:
வங்கியில் மாற்றிய ரெண்டு ரூபாய் பாக்கெட்டைக் கிழித்து
ஐஸ்பெட்டி மூடிமேல் கொட்டி
லென்ஸில் ஒவ்வொன்றாய்.

ஆண்டுக்குக் கீழே வைரம் என்றால் மும்பை,
வெறுமை என்றால் கொல்கத்தா.
நான் தேடுவது ஊரை அல்ல.
அச்சு நழுவி
விளிம்போரம் பிறை விட்ட ஒரு காசு,
போதை ஏறிய ஒரு சிங்கம்.

நள்ளிரவில் ஒன்று
ஆண்டே இல்லாமல் வழவழவென்று.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
நாக்கில் வைத்தேன்.
காசின் உப்பா, என் விரலின் உப்பா?
அக்கினி தீர்த்தத்தில் யாரோ வேண்டிப் போட்டு
யாரோ முங்கி எடுத்தது.
அரித்தது கடல். அதற்கு விலையில்லை.

எண்ணினால் தொண்ணூற்றொன்பது.

"மிஷின் தப்புப் பண்ணாதுப்பா"
என்கிறார் கேஷியர் பூமிராஜன்.

பண்ணும் சார்.
அதை நம்பித்தானே
விடியவிடிய முழித்திருக்கிறேன்.